கீழ் டிவிசன் ஏற்றத்துக்கு ஒரு டர்போ

இறக்கத்தில் எந்த வண்டியும் ஓடும். தோட்டத்தில் வாடகைக் கார் வைத்திருப்பவனுக்கு ஏற்றம்தான் தொழில். பழைய டீசல் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. டர்போ என்பது என்ஜினுக்குப் பக்கத்தில் சங்கு போலச் சுருண்டிருக்கும் ஒரு சாமான். வெளியே போகிற புகையின் வேகத்தில் அதற்குள் ஒரு சக்கரம் சுற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அது சுற்றினால் கார் ஏறும். சுற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மிஸி நடந்த நாள்

இலங்கையில், கொடகவெலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கார் ஓட்டினேன். அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிசன் ஓடைக்கரையில் கிடந்தது. அங்கேயிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறப் பதினொரு முடக்கு, கொண்டை ஊசி மாதிரி வளைவுகள். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களை ஏற்றிவர ஒன்பது வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் மிஸி, அதாவது தோட்டத்து மருத்துவிச்சி. உயரமான பெண்மணி. எந்தக் காலத்திலும் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார்.

அன்று காரில் ஒரு கர்ப்பிணி, அவளுடைய மாமியார், புருஷன், மிஸி, நான். ஏழாவது முடக்கில் என்ஜின் பக்கத்திலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் நீளமாக வந்து, பிறகு இல்லாமல் போனது. பின்னால் கரும்புகை. காலை எவ்வளவு அழுத்தினாலும் கார் தேங்கியது. கர்ப்பிணியைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். நான் முதலாம் கியரில் ஊர்ந்தேன். மிஸி குடையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். அவர் எங்களை முந்தாமல் இருந்தது ஒரு மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு மிஸி என்னிடம் வந்தார். என் காரை விட்டால் பஜாரில் ஒரு பிக்கப்தான் இருந்தது. ஸ்பிரிங் வில்லுகள் இறுகிப்போன வண்டி. சாமான் ஏற்றுகிற பின்தட்டில் சாக்கை விரித்துத்தான் ஆளைப் படுக்க வைக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வர்ற மாசம் கீழ் டிவிசன்ல மூணு பேருக்குப் பிரசவ நாளு, டிரைவர். அதுக்குள்ள காரு ஏறணும். ஏறாட்டி பிக்கப்காரனைத்தான் கூப்பிடுவேன், கோவிச்சுக்காதீங்க."

ஒன்பது வருடப் பொட்டு

கொடகவெல டவுனில் சிறிபால பாஸ் கராஜ் வைத்திருந்தார்; மெக்கானிக்கை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரோடு நான் பேசுவது சிங்களத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்து, சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடும் பல் மாதிரி ஆடியது. இதழ்களெல்லாம் சுவரில் உரசிக் கடிபட்டிருந்தன. ரிப்பேர் பண்ண முடியாது, பாவித்த பழைய டர்போ ஒன்று தேடி வாங்கு என்றார். எது வேண்டும் என்று சொல்ல ஒரு நம்பர் தேவை. அந்த நம்பர் டர்போவின் மேலேயே சின்னத் தகடு ஒன்றில் அடித்திருக்கும்.

தகடு இருந்தது. நம்பர் இல்லை. காரணம் நான்தான். வருடாவருடம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி மாலை போட்டு, பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் பொட்டு வைப்பேன். என்ஜினில் பொட்டு வைக்கத் தோதாக, சமதளமாக, சுத்தமாக இருந்தது அந்த ஒரு தகடுதான். மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒன்பது வருடச் சூட்டில் வெந்து ஓடாகப் பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினோம், அசையவில்லை. அவசரப்பட்டு நான் கத்தியால் சுரண்டினேன். முதல் நாலு எழுத்து தெரிந்தது. மிச்சம் ஓட்டோடு உரிந்து வந்துவிட்டது.

பாஸ் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்க சாமி ஒன்பது வருசமா பக்கத்துலயே இருந்து பாத்திருக்கு. மிச்ச நம்பரை அதுக்கிட்டயே கேட்டுட்டு வா."

அட்டை மாப்பிள்ளை

நம்பர் இல்லாவிட்டால் அளவு. டர்போ என்ஜினோடு சேருகிற முகத்தில் நாலு துளை உண்டு. மூன்று ஒரு சதுரத்தின் மூலைகளில் இருக்கும், நாலாவது கொஞ்சம் விலகி நிற்கும். பாஸ் ஒரு காட்போட் அட்டையை அந்த முகத்தின் மேல் வைத்து, ஓரம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டினார். அட்டை அதே வடிவத்தில், அதே நாலு துளையோடு வெட்டுப்பட்டு வந்தது. கராஜ்களில் இப்படித்தான் செய்வார்கள். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஆறு கடை ஏறி இறங்கினேன். ஏழாவது கடையில், எல்லோரும் 'நானா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற ஒரு வயதான முஸ்லிம் முதலாளி, பழைய டர்போக்கள் தேங்காய் மாதிரிக் குவிந்து கிடக்க நடுவில் உட்கார்ந்திருந்தார். அட்டையை வாங்கி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நம்பர் இல்லயா?"

"இல்ல நானா. முதல் நாலு எழுத்துதான் தெரியும்."

"பேரும் தெரியா, ஊரும் தெரியா, அளவுச் சட்டைய மட்டும் கொண்டு மாப்புள தேடி வந்தீக்கிறீங்க. சரி, தேடுங்கோ."

தேடினேன். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி அட்டையை வைத்துப் பார்த்தேன். முதல் நாலு எழுத்து பொருந்தியவை மூன்று இருந்தன. மூன்றாவதில் அட்டையை இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன், திருப்பி வைத்தேன். நாலு துளையும் நாலு துளையில் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தன. சக்கரம் ஆடவில்லை. விலை பேசினோம். சந்தோஷத்தில் நான் அதிகம் பேசவில்லை. முதலாளி அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

"கொண்டு போங்கோ மகன். பொருந்தாட்டி திருப்பிக் கொண்டு வாங்கோ. கடை இருந்தா, நானும் இருந்தா, மாத்தித் தாரேன்."

ஊதிக் காட்டு

சண்டைக் காலம் அது. இரத்தினபுரிக்கு வருகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் படித்த சிப்பாய் அதைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, சாக்கை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தேன். கனமான, கறுத்த, குழாய்கள் நீண்ட ஒரு இரும்புச் சாமான். அதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது. வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் மெதுவாக இரண்டு அடி தள்ளி நின்றார்.

கார் டர்போ என்று சிங்களத்தில் சொன்னேன். எப்படி நம்புவது என்று கேட்டான். காற்றில் சுற்றும் சாமான் என்றேன். அப்படியானால் ஊதிக் காட்டு என்றான். ஒரு பஸ் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, வெயிலில் நின்று, அந்த எண்ணெய்ச் சங்கை வாயருகே தூக்கி முழு மூச்சையும் விட்டேன். உள்ளே சக்கரம் மெல்லச் சிணுங்கி, பிறகு சர்ரென்று சுற்றியது. வாய் எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. சிப்பாய் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு வாங்கித் தானும் ஊதினான். காவலில் நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டு அவனையும் ஊத வைத்தான். கண்டக்டர் நேரமாகிறது என்று சத்தம் போட்டார், யாரும் கேட்கவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, சிப்பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியும் பேனையும் எடுத்தான்.

"எங்க அப்பாட லொறியும் மூணு மாசமா ஏத்தத்துல நிக்குது. வாங்கின கடை எங்க இருக்குன்னு சொல்லிட்டு ஏறுங்க அண்ணே."

பிழை யாருடையது

இதற்கு மேல் ஒரு டர்போவுக்கு என்ன பரீட்சை வேண்டும்? இராணுவமே ஊதிப் பார்த்த சாமான் என்று பாஸிடம் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் காருக்குள் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். மூன்று போல்ட் ஆணி உள்ளே போனது, நாலாவது போகவில்லை. துளை இருக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். என் பழைய டர்போவின் முகத்தில் வைத்தார், சரியாக உட்கார்ந்தது. கொழும்பு டர்போவில் வைத்தார், உட்காரவில்லை. நான் வாங்கி, கடையில் செய்தது மாதிரியே திருப்பி வைத்துக் காட்டினேன், உட்கார்ந்தது. அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே மண்ணிறம். எது முகம், எது முதுகு என்று பாஸும் குறிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடியில் தெரிகிற என் காருக்குத்தான் நான் கொழும்பு போய் டர்போ வாங்கி வந்திருந்தேன்.

நாட்காட்டியில் மிஸியின் மாதம் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அட்டை சரி. டர்போவும் சரி. ஒன் காருதான் பிழை."

வயலுக்குள் என் கார்

டர்போ இல்லாமலும் கார் ஓடும், தட்டை ரோட்டில். பாஸ் குழாயை அடைத்துக் கொடுத்தார். மாற்ற வேண்டிய டர்போவை டிக்கியில் போட்டுவிட்டு, மறுபடி கொழும்பு போகக் காசு சேரும்வரை நான் டவுன் ஹயர், அதாவது டவுனுக்குள் வாடகைச் சவாரி, மட்டும் ஓடினேன். அந்த வாரம் கீழ் டிவிசனிலிருந்து ஒரு பெண்ணைப் பிக்கப்பில் கொண்டு போனார்கள். பின்தட்டில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மிஸி உட்கார்ந்திருந்தார். பஜாரில் என் கார் நின்றது. நானும் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரிப் போனார். அது அவர் என்னைத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் பெல்மதுளைப் பக்கம் ஒரு ஹயர். வயலுக்குள் மாணிக்கக் குழி வைத்திருந்த இரண்டு பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு என்ஜினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் என் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைப் பார்த்தேன்; கையில் இருந்தது. சத்தம் வயலுக்குள்ளிருந்து வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஓடினேன். குழியிலிருந்து தண்ணீர் இறைக்க, பழைய கார் ஒன்றின் என்ஜினை மரச்சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். என் கார் என்ஜினேதான். அடித்திருந்த எழுத்துகள்கூட அதே.

தண்ணீர் இறைக்கிற என்ஜினுக்கு டர்போ எதற்கு? கழற்றிவிட்டிருந்தார்கள். கழற்றியது எங்கே என்று கேட்டேன். குழி முதலாளி, சாரத்தை மடித்துக் கட்டிய பெரிய மனிதர், உதட்டைக் குவித்துத் திசை காட்டினார். குழிக்கு மேலே மழைக்குக் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு மூலையில், காற்றுக்குத் தூக்காமல் இருக்க, கயிற்றில் தொங்கியது. தகடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. முதல் நாலு எழுத்து என்னுடையது. அட்டையை எடுத்தேன்; இப்போது அதில் ஒரு பக்கத்தில் 'முகம்' என்று எழுதியிருந்தது. முகத்தை முகமாகவே வைத்தேன். உட்கார்ந்தது.

டர்போவின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எண்ணெய்த் துளைகளில் மட்டும் யாரோ புண்ணியவான் துணி அடைத்திருந்தான். குச்சியால் மண்ணை எடுத்து ஊதினேன். சுற்றியது.

"அண்ணே, அது என்ன விலை?"

"அது விக்கிறதுக்கில்ல," என்றார் முதலாளி. "அதக் கட்டின மாசம்தான் எங்களுக்கு ஒரு நீலக் கல்லு விழுந்திச்சு."

மாணிக்கக் குழிக்காரர்களிடம் இதற்கு மேல் வாதாட முடியாது. அதிர்ஷ்டம் கயிற்றிலா, சங்கிலா என்று யாரும் கேட்க முடியாது. நான் காருக்குப் போய் டிக்கியைத் திறந்து, கொழும்பு டர்போவைச் சாக்கோடு தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். அதே உருவம், அதே பாரம். இதில் எந்தக் கல்லும் இன்னும் விழவில்லை, இருக்கிற அதிர்ஷ்டம் எல்லாம் செலவாகாமல் அப்படியே உள்ளே இருக்கிறது என்றேன். அவர் யோசித்தார். குழிக்குள் இருந்தவர்களும் மேலே ஏறி வந்து யோசித்தார்கள். ஒருவன் இரண்டையும் இரண்டு கையில் தூக்கி எடை பார்த்தான். கடைசியில் அதே மூலையில், அதே கயிற்றில், புதியதைத் தன் கையாலேயே கட்டிவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத்தான் முதலாளி பழையதை என்னிடம் தந்தார். வரப்பைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"நல்லா யோசிச்சுக்க தம்பி! நாளைக்குப் பெரிய கல்லு விழுந்தா, என் சாமான்தான் கொண்டு வந்திச்சுன்னு பங்கு கேட்டு வரக் கூடாது!"

பாஸின் நிபந்தனை

நாலு ஆணியும் போயின. பாஸ் முறுக்க முறுக்க நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஸ்டார்ட் பண்ணப் போன என்னைத் தடுத்தார். எண்ணெய் வருகிற குழாயைக் கழற்றி, அந்தத் துளைக்குள் புது எண்ணெயை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் பத்து நிமிடம் சுற்றினார். காய்ந்து கிடந்த டர்போவை எண்ணெய் இல்லாமல் ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் தன்னையே தேய்த்துத் தின்றுவிடுமாம். பழைய டர்போ வாங்கிப் பூட்டுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறகு கராஜ் சுவரில் முழு நம்பரையும் சிவப்புப் பெயிண்டில் ஒரு முழ உயரத்துக்கு எழுதினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னார்.

"பூசை பண்ணு, வேணாங்கல. பொட்டை மட்டும் ஏர் கிளீனர் மூடி மேல வை. சாமிக்கு எட்டும்."

பதினொரு முடக்கு

நாலாம் நாள் பகல், நல்ல மழை. கீழ் டிவிசன் தெய்வானைக்கு வலி எடுத்துவிட்டதென்று மிஸி ஆள் அனுப்பினார். நான் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேர்ந்தபோது பிக்கப்பும் அங்கே நின்றது. தெய்வானையின் புருஷன், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன், போன தடவை காருக்குப் பின்னால் நடந்த கதையைக் கேட்டிருந்தான்; நம்பிக்கையில்லாமல் அவனாகவே பிக்கப்பையும் சொல்லி அனுப்பியிருந்தான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. பாதியில நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

 மிஸி இரண்டு வண்டியையும் பார்த்தார். பின்தட்டில் மழை தேங்கி நின்றது. தெய்வானை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"டிரைவர், ஏறுமா?"

"ஏறும் மிஸி."

"எல்லாரும் காருல. பிக்கப் பின்னால வரட்டும்."

தெய்வானை, அவளுடைய அம்மா, புருஷன், மிஸி, நான். போதாததற்குத் துணிமூட்டை, சுடுதண்ணீர்ப் போத்தல், மிஸியின் நனைந்த குடை. முதல் மூன்று முடக்கு சும்மா போயிற்று. நாலாவதில் மண் கரைந்து சக்கரம் ஒருமுறை வழுக்கியது.  மிஸி ஒவ்வொரு முடக்கையும் வாய்க்குள் எண்ணினார். ஏழாவது வந்தது. இரண்டாம் கியரில் காலை அழுத்தினேன். என்ஜின் ஒரு கணம் தயங்கியது. தெய்வானையின் புருஷன் கதவுப் பிடியில் கை வைத்தான்; இறங்கத் தயாராகிவிட்டான். அப்போது விசில் தொடங்கியது. மெல்லியதாக, பிறகு மேலே மேலே. இருக்கை எங்கள் முதுகைத் தள்ளியது. முடக்கு பின்னால் போனது. கண்ணாடியில் பார்த்தேன், கரும்புகை இல்லை, மழை மட்டும். கீழே ஐந்தாவது முடக்கில் பிக்கப் இருமிக்கொண்டு நின்றது. ஒன்பதாவதில் அது தெரியவேயில்லை.

"கதவை விடப்பா, காருதான் ஏறுதே!" என்று தெய்வானை வலியோடு புருஷனை அதட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, காரைத் திருப்பி நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிக்கப் வந்து சேர்ந்தது. அதன் டிரைவர் இறங்கி, என் பானெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனான். சற்று நேரத்தில் மிஸி வந்தார். பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம். குடையை உதறி மடக்கி, பின் சீட்டில் போட்டார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"இந்த வேகத்துல ஓட்டினீங்கன்னா, பிள்ளையெல்லாம் டாக்டர் கையிலதான் பொறக்கும். எனக்குத் தோட்டத்துல வேலை இல்லாமப் போயிரும். அடுத்தவளுக்கு வர்ற வாரம் நாளு. காலையிலயே டீசல் அடிச்சு வச்சிருங்க."

இத்தனையும் பட்டு நான் பூட்டிய அந்த டர்போ நாலு வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. கடைசியில் காரை வாங்க வந்தவர் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், ரேடியோ பாடுமா என்று மட்டும் கேட்டார்.